636001: சேலத்தின் அஞ்சல் எண்ணைப் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் என்று எழுதி, பக்கத்தில் சிறு கோடு போட்டு, 636001 என்று முடிப்பது எங்கள் குடும்பத்தில் ஊறிப்போன கைப்பழக்கம். கல்யாணப் பத்திரிகை, வங்கி விண்ணப்பம், தேர்வு நுழைவுச்சீட்டு என்று எத்தனை முறை எழுதியிருப்போம்! எழுதிய எண்ணை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. போன கோடை விடுமுறையில் என் தம்பி மகள் ஒரு கடித உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த பிள்ளை. எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்திவிட்டு, "பெரியப்பா, இது பகா எண்ணா?" என்று கேட்டாள்.

நான் 2, 3, 5, 7 என்று தொடங்கி 31 வரைக்கும் அங்கேயே வகுத்துப் பார்த்தேன். எதிலும் போகவில்லை. "அப்படித்தான் தெரிகிறது" என்றேன். சொன்னது தவறு. அதைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் நாள்தோறும் கையால் எழுதிய அந்த எண்ணுக்குள் இத்தனை அறைகள் இருப்பது தெரிந்தது. நாங்கள் போன வழியிலேயே நீங்களும் போகலாம். ஒரு தாளும் பென்சிலும் போதும். கால்குலேட்டரை விடையைச் சரிபார்க்க மட்டும் எடுங்கள். முதலிலேயே எடுத்தால் விடை வந்துவிடும், எண் பிடிபடாது.

முதலில் எண்ணைப் படியுங்கள்

ஆறு லட்சத்து முப்பத்தாறாயிரத்து ஒன்று. இந்தியாவில் அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். முதல் இலக்கமான 6, தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு ஆகியவை அடங்கிய மண்டலத்தைக் குறிக்கும். முதல் மூன்று இலக்கங்களான 636, கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டத்துக்கு உரியவை. கடைசி மூன்றான 001 தலைமை அஞ்சலகம்.

அஞ்சல் துறை பிரித்த இந்த 636 | 001 என்ற இரு துண்டுகள் நம் கணக்குக்கும் உதவும். 636 = 2 × 2 × 3 × 53. எனவே 636000 என்ற எண் 2, 3, 5, 53 ஆகிய நான்கிலும் மீதியின்றிப் போகும். அதைவிட ஒன்று கூடிய 636001 இந்த நான்கில் எதிலும் போகாது. எதில் வகுத்தாலும் மீதி 1 நிற்கும். நான்கு பகா எண்களை ஒரே வரியில் கழித்துவிட்டோம்.

7, 11, 13: மூன்றுக்கும் ஒரே கணக்கு

7 × 11 × 13 = 1001. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் ஆறு இலக்க எண் எதையும் மடக்கிவிடலாம். முதல் மூன்று இலக்கங்களிலிருந்து கடைசி மூன்றைக் கழியுங்கள்: 636 − 1 = 635. இந்த மூன்றில் 635 எதில் போகுமோ, அதில்தான் 636001 போகும். 635ஐ 7ஆல் வகுத்தால் மீதி 5, 11ஆல் வகுத்தால் மீதி 8, 13ஆல் வகுத்தால் மீதி 11. மூன்றும் கழிந்தன.

37க்கும் இதே போல் ஒரு வழி உண்டு. 999 = 27 × 37 என்பதால் இரு துண்டுகளையும் கூட்டுங்கள்: 636 + 1 = 637. அதை 37ஆல் வகுத்தால் மீதி 8. அதுவும் இல்லை. 101க்கு இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, 63 − 60 + 1 = 4 என்று பாருங்கள். 4 மீதி நிற்பதால் 101உம் இல்லை. 17, 19, 23, 29, 31 ஆகியவற்றுக்கு இப்படி அழகான வழி எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நேராக வகுத்துவிடுவதே விரைவு. மீதிகள் வரிசையாக 14, 14, 5, 2, 5.

எதுவரை வகுக்க வேண்டும்?

நான் சறுக்கியது இங்கேதான். சில சிறிய பகா எண்களில் போகவில்லை என்பதால் ஓர் எண் பகா எண் ஆகிவிடாது. எல்லை வர்க்கமூலத்தில் இருக்கிறது. ஓர் எண்ணை இரண்டாகப் பிரித்தால் இரண்டு காரணிகளுமே வர்க்கமூலத்தைவிடப் பெரியவையாக இருக்க முடியாது. பெருக்கினால் எண்ணைத் தாண்டிவிடும்.

797 × 797 = 635209
798 × 798 = 636804

நம் எண் இவற்றுக்கு இடையில் நிற்கிறது. ஆகவே 797 வரையுள்ள எல்லாப் பகா எண்களிலும் வகுத்துப் பார்த்தாக வேண்டும். அவை மொத்தம் 139. நான் 31இல் நின்றிருந்தேன். அது பதினோராவது பகா எண். இன்னும் 128 பாக்கி இருக்கும்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

நீண்ட நடை

தம்பி மகள் பகா எண்களை எழுத, நான் வகுக்க, அன்று மாலை முழுவதும் போனது. நடுவில் தட்டுவடை செட் வாங்கிவந்து தின்றோம்; பீட்ரூட் துருவல் விழுந்து ஒரு தாள் சிவந்துபோனது. ஒவ்வொன்றிலும் ஈவு, மீதி இரண்டையும் எழுதுங்கள். மீதியை மட்டும் எழுதினால் பிழை நுழைந்தது தெரியாது. ஈவை எழுதி வைத்தால் அடுத்தடுத்த ஈவுகள் சீராகக் குறைந்து வரும். ஓரிடத்தில் ஏறிவிட்டால் அங்கே தப்பு நடந்திருக்கிறது என்று பொருள்.

நெருங்கி வந்து ஏமாற்றிய எண்கள் பல. 89இல் மீதி 7. 241இல் மீதி வெறும் 2. 311இலும் 409இலும் மீதி 6. நூறாவது பகா எண்ணான 541இல் மீதி 326 வந்தபோது, "பகா எண்தான் பெரியப்பா, விட்டுவிடலாம்" என்றாள். விட மனம் வரவில்லை. கடைசிப் பக்கத்தில் இப்படி வந்தது:

641: ஈவு 992, மீதி 129
643: ஈவு 989, மீதி 74
647: ஈவு 983, மீதி 0

117 பகா எண்களில் தோற்று, 118ஆவதில் போய்விட்டது. 636001 = 647 × 983.

வேலை இத்தோடு முடியாது. 647உம் 983உம் மேலும் பிரியுமா என்று பார்க்க வேண்டும். 647இன் வர்க்கமூலம் 26க்கும் குறைவு என்பதால் 23 வரை வகுத்தால் போதும். 983க்கு 31 வரை. இரண்டும் எதிலும் போகவில்லை. இரண்டுமே பகா எண்கள்.

சரிபார்க்க இலக்கக் கூட்டலைப் பயன்படுத்துங்கள். 647: 6+4+7 = 17, 1+7 = 8. 983: 9+8+3 = 20, 2+0 = 2. 8 × 2 = 16, 1+6 = 7. இந்தப் பக்கம் 636001: 6+3+6+0+0+1 = 16, அதுவும் 7. இரண்டும் பொருந்தாவிட்டால் பெருக்கலில் பிழை நிச்சயம். பொருந்தினால் மட்டும் பிழையே இல்லை என்று ஆகிவிடாது. எனவே ஒரு முறை முழுதாகப் பெருக்கியும் பாருங்கள். 647 × 1000 = 647000; அதில் 647 × 17 = 10999ஐக் கழித்தால் 636001.

நடுவிலிருந்து தொடங்கும் வழி

மறுநாள் காலையில் விடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. 647உம் 983உம் வர்க்கமூலமான 797ஐச் சுற்றி இரு பக்கமும் நிற்கின்றன. நாங்களோ 2இலிருந்து புறப்பட்டு அடிவாரத்தையெல்லாம் சுற்றி வந்திருக்கிறோம். வர்க்கமூலத்திலிருந்தே புறப்பட்டிருந்தால்?

அப்படி ஒரு வழி இருக்கிறது. பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் பியேர் தெ ஃபெர்மா 1643இல் எழுதிய ஒரு கடிதத்தில் 2027651281 என்ற எண்ணை இந்த வழியில்தான் 44021 × 46061 என்று உடைத்தார். அடிப்படை நம் எட்டாம் வகுப்புச் சூத்திரமே: இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், கூட்டலும் கழித்தலுமாக இரண்டு காரணிகளாகப் பிரியும். ஆகவே 636001ஐ ஏதாவது ஒரு வர்க்கத்திலிருந்து இன்னொரு வர்க்கத்தைக் கழித்து வருவதாக எழுத முடிந்தால் வேலை முடிந்தது.

798இலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு எண்ணையும் வர்க்கப்படுத்தி 636001ஐக் கழியுங்கள். மிச்சம் ஒரு வர்க்க எண்ணா என்று பாருங்கள்.

798: மிச்சம் 803
799: மிச்சம் 2400
800: மிச்சம் 3999
801: மிச்சம் 5600
802: மிச்சம் 7203

ஒவ்வொரு முறையும் புதிதாக வர்க்கம் போட வேண்டியதில்லை. மிச்சங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் 1597, 1599, 1601, 1603 என்று இரண்டிரண்டாகக் கூடிப்போகிறது. கூட்டத் தெரிந்தால் போதும், வகுத்தலே கிடையாது.

இன்னும் சுருக்கலாம். 636001ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1. ஒற்றை எண்ணின் வர்க்கத்தை 4ஆல் வகுத்தால் மீதி 1, இரட்டை எண்ணின் வர்க்கத்துக்கு மீதி 0. ஆகவே பெரிய எண் ஒற்றையாகவும் சிறிய எண் இரட்டையாகவும் இருந்தால்தான் கணக்கு ஒத்துவரும். 798, 800, 802 போன்ற இரட்டை எண்களை அப்படியே தள்ளிவிடலாம். மீதமிருப்பவை இவை:

799: 2400. 24 வர்க்க எண் இல்லை, கழித்துவிடுங்கள்.
801: 5600. 56உம் இல்லை.
803: 8808. எந்த வர்க்கமும் 8இல் முடியாது.
805: 12024. 109இன் வர்க்கம் 11881, 110இன் வர்க்கம் 12100. இடையில் விழுகிறது, இல்லை.
807: 15248. 8இல் முடிகிறது.
809: 18480. ஒற்றைச் சுழியத்தில் எந்த வர்க்கமும் முடியாது.
811: 21720. அதே காரணம்.
813: 24968. மீண்டும் 8.
815: 28224. இது 168 × 168.

815 − 168 = 647. 815 + 168 = 983.

முதல் நாள் 118 வகுத்தல். மறுநாள் ஒன்பதே வரி. இரட்டை எண்களைத் தள்ளாமல் போயிருந்தாலும் 798 முதல் 815 வரை பதினெட்டுப் படிகள்தான். ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. பதினெட்டாவது வளைவைத் தாண்டுவதற்குள் சேலத்தின் எண் உடைந்திருக்கும் என்று அவளிடம் சொன்னேன். அடுத்த முறை பஸ்ஸில் மலையேறும்போது வளைவுக்கு ஒரு மிச்சமாகக் கூட்டிக்கொண்டே வந்தாள்.

இந்த வழி எல்லா எண்ணுக்கும் இப்படி ஓடிவராது. காரணிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தால் வேகம். ஒன்று மிகச் சிறியதாகவும் மற்றது மிகப் பெரியதாகவும் இருந்தால் பழைய வகுத்தலே மேல். ஆகவே என் வரிசை இதுதான்: 2, 3, 5, 7, 11, 13, 37 என்ற எளியவற்றை முதலில் கழியுங்கள். பிறகு வர்க்கமூலத்திலிருந்து முப்பது படி மேலே ஏறுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் மட்டும் நீண்ட நடைக்குப் புறப்படுங்கள்.

காரணிகள் கையில் வந்த பிறகு

இனிமேல் எண் தானாகவே பேசும். அதன் வகுத்திகள் நான்கே: 1, 647, 983, 636001. பக்கத்து எண்ணான 636000த்துக்கு வகுத்திகள் 96. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசுக்கான வெள்ளி மணிகள் 636000 இருந்தால் 48 விதமான செவ்வகங்களாக அடுக்கலாம். கூட ஒரே ஒரு மணியைச் சேர்த்துவிட்டால் ஒற்றை வரிசையாக நீட்டலாம், அல்லது 647 வரிசையில் வரிசைக்கு 983ஆக அடுக்கலாம். வேறு வழியே கிடையாது.

இரண்டே பகாக் காரணிகள் என்பது குறைவா? இல்லை. ஹார்டியும் நம் ராமானுஜனும் 1917இல் நிறுவிய தேற்றத்தின்படி, ஓர் எண்ணின் இயல் மடக்கைக்கு (கால்குலேட்டரில் ln) மீண்டும் இயல் மடக்கை எடுத்தால், அந்த அளவுள்ள எண்களுக்கு வழக்கமாக இருக்கும் பகாக் காரணிகளின் எண்ணிக்கை ஏறக்குறையக் கிடைக்கும். 636001க்கு அது 2.6. நம் எண் சராசரிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதன் தனித்தன்மை காரணிகளின் எண்ணிக்கையில் இல்லை, இரண்டும் மூன்று இலக்கமாக வளர்ந்து நிற்பதில் இருக்கிறது.

அடுத்தடுத்த எண்களின் கூட்டலாக இதை எழுதலாமா என்று பாருங்கள். 318000 + 318001 என்பது உடனே தெரியும். காரணிகள் தெரிந்த பிறகு இன்னும் இரண்டு கிடைக்கும். 983ஐ நடுவில் வைத்து இரு பக்கமும் 323 எண்கள் எடுத்தால் 660 முதல் 1306 வரை மொத்தம் 647 எண்கள், கூட்டினால் 636001. 647ஐ நடுவில் வைத்தால் 156 முதல் 1138 வரை 983 எண்கள். கூட்டினால் அதுவும் 636001. இந்த மூன்றைத் தவிர நான்காவது இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த குணம் அடுத்தது. 4ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண் ஒவ்வொன்றையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம்; 13 = 9 + 4 என்பதைப் போல. 636001உம் மீதி 1 தருகிறது. எனவே இதுவும் பிரியும் என்று தோன்றும். பிரியாது. 647, 983 இரண்டுமே 4ஆல் வகுத்தால் மீதி 3 தருபவை. அப்படிப்பட்ட பகா எண் ஒற்றைப்படை முறை காரணியாக வந்தால் இரண்டு வர்க்கங்களின் கூட்டல் சாத்தியமே இல்லை. இரண்டு மூன்றுகளைப் பெருக்கி 9 வந்ததால் வெளியே 1 என்ற மீதி தெரிகிறது. உள்ளே இருப்பது வேறு. மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும்: 796² + 48² + 9² = 633616 + 2304 + 81 = 636001.

இந்த எண் ஒரு பூட்டு

4ஆல் வகுத்தால் மீதி 3 தரும் வெவ்வேறு இரண்டு பகா எண்களின் பெருக்கற்பலனுக்குப் புளும் எண் என்று பெயர். லெனோர் புளும், மானுவல் புளும், மைக்கேல் ஷப் ஆகிய மூவரும் 1986இல் வெளியிட்ட, கணிக்க முடியாத எண் வரிசைகளை உருவாக்கும் முறை இத்தகைய எண்களின் மேல்தான் நிற்கிறது. சேலத்தின் அஞ்சல் எண் அந்த இனத்தைச் சேர்ந்தது.

அந்த இனத்தின் குணத்தை நம் கையிலிருக்கும் எண்களிலேயே பார்க்கலாம். எந்த எண்ணையும் 636001ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வது என்று ஒரு விதி போடுவோம். இந்த விதியில் 168இன் வர்க்கம் 28224. 815இன் வர்க்கம் 664225. அதில் 636001 போனால் அதே 28224. ஆகவே 28224க்கு வர்க்கமூலம் 168, 815 இரண்டும். அவற்றை 636001இலிருந்து கழித்தால் வரும் 635833, 635186 இரண்டும்கூட. மொத்தம் நான்கு. 168, 815 என்ற இரண்டையும் ஒருவர் அறிந்துவிட்டால் கழித்தலில் 647, கூட்டலில் 983 என்று எண் உடைந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் அறிந்தவருக்குப் பூட்டு பூட்டாகவே இருக்கிறது.

1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய, செய்தியை மறைத்து அனுப்பும் ஆர்.எஸ்.ஏ. முறையையும் இதிலேயே செய்து பாருங்கள். காரணி ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்குங்கள்: 646 × 982 = 634372. பூட்டும் சாவி 3. திறக்கும் சாவி 422915; ஏனென்றால் 3 × 422915 = 1268745, அதை 634372ஆல் வகுத்தால் மீதி 1. இப்போது 100 என்ற செய்தியைப் பூட்டுவோம். 100ஐ மூன்று முறை பெருக்கினால் பத்து லட்சம். 636001ஐக் கழித்தால் 363999. இதுதான் அனுப்பும் எண். பெறுபவர் 363999ஐ 422915 முறை பெருக்கி, 636001ஆல் வகுத்த மீதியை எடுத்தால் 100 திரும்பி வரும். 636001உம் 3உம் ஊருக்கே தெரியலாம். 647, 983 தெரியாதவரை 422915ஐக் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் பூட்டை ஒன்பது வரியில் உடைத்தோம். உண்மையான பூட்டுகளில் இன்று வழக்கமாக இருப்பவை 617 இலக்க எண்கள். 2020இல் உடைத்துக் காட்டப்பட்ட ஆர்.எஸ்.ஏ. எண் 250 இலக்கம் கொண்டது. அதற்கே பல கணினிகள் மாதக்கணக்கில் உழைத்தன. அந்தப் பெரிய எண்களைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு காரணிகளும் மிக அருகில் இருக்கக் கூடாது என்பது விதி. காரணம் உங்களுக்கே இப்போது தெரியும்: யாராவது நடுவிலிருந்து ஏறத் தொடங்கிவிடுவார்கள்.

இனி நீங்களே: ஏற்காடு

பழகிக்கொள்ள ஏற்காட்டு முகவரிகளில் வரும் 636601ஐ எடுங்கள். 636 − 601 = 35. அது 7இல் போகும். 11இலும் 13இலும் போகாது. முதல் கணக்கிலேயே கதவு திறந்துவிட்டது: 636601 = 7 × 90943. சேலத்து எண்ணில் இது நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

90943க்கு வர்க்கமூலம் 301ஐத் தாண்டி நிற்கிறது; ஆகவே 302இல் தொடங்குங்கள். 4ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால் இந்த முறை ஒற்றை எண்களைத் தள்ளிவிட்டு 302, 304, 306 என்று இரட்டை எண்களில் ஏற வேண்டும். 302இல் மிச்சம் 261, 304இல் 1473, 306இல் 2693. வர்க்கம் 3இல் முடியாது என்பதால் பின்னவை இரண்டும் பார்த்தவுடனே கழியும். 261 மட்டும் 16இன் வர்க்கத்துக்குச் சற்று மேலே நின்று ஏமாற்றும். பொறுமையாக ஏறுங்கள். பதினான்காவது வரியில் 328 வரும்: 107584 − 90943 = 16641, அது 129 × 129. 328 − 129 = 199, 328 + 129 = 457. இரண்டும் பகா எண்கள்தானா என்று வகுத்துப் பார்த்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்: 636601 = 7 × 199 × 457.